வின்ஸ்டன் சர்ச்சில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் எதிர்பாராத சில பதில்களும்

சுருட்டு, தொப்பி, தூக்கிய இரண்டு விரல். மேலைநாட்டுப் படங்களில் வரும் சர்ச்சில் இவ்வளவுதான். நம் ஊரில் அவர் பெயரை எடுத்தால் அடுத்து வரும் சொல் வங்கப் பஞ்சம். இரண்டும் ஒரே ஆள்தான். அவரைப் பற்றிப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சில பதில்கள் சிரிக்க வைக்கும், சில அப்படியல்ல.

சுருக்கமாக, இவர் யார்?

1874 நவம்பர் 30 அன்று இங்கிலாந்தில் பிளென்ஹைம் அரண்மனையில் பிறந்தவர். அப்பா பிரபு குடும்பத்து அரசியல்வாதி, அம்மா அமெரிக்கர். பட்டாளக்காரர், பத்திரிகையாளர், எழுத்தாளர், அறுபது வருடத்துக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினர். 1940 மே 10 அன்று, ஹிட்லரின் படை மேற்கு ஐரோப்பாவுக்குள் பாய்ந்த அதே நாளில், பிரிட்டனின் பிரதமர் ஆனார். அப்போது அவருக்கு வயது 65. வேறு எவராக இருந்தாலும் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயது.

பெங்களூரில் கடன் வைத்துவிட்டுப் போனார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 13 ரூபாய்.

பெங்களூர் கிளப்பின் பழைய பேரேட்டில், 1899 ஜூன் 1 தேதியிட்ட பக்கத்தில், பாக்கி வைத்தவர்கள் பட்டியலில் லெப்டினென்ட் டபிள்யூ.எல்.எஸ். சர்ச்சில் என்ற பெயர் இருக்கிறது. அந்தத் தொகையை அவர் கட்டவே இல்லை. அந்தப் பேரேட்டைக் கிளப் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது. 'நாங்கள் கட்டிவிடுகிறோம்' என்று பார்க்க வந்தவர்கள் சிலர் முன்வந்தும் கிளப் ஒத்துக்கொள்ளவில்லை. 13 ரூபாயை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டால் கதை போய்விடுமே!

பெங்களூரில் அவருக்கு என்ன வேலை?

குதிரைப்படை அதிகாரி. 1896இல் 4ஆம் ஹுசார் படையோடு கப்பலில் பம்பாய் வந்தார். சசூன் துறையில் படகிலிருந்து படிக்கட்டுக்குத் தாவியபோது இரும்பு வளையத்தைப் பிடித்த கை இழுபட்டு, தோள்பட்டை விலகிவிட்டது. அந்தத் தோள் ஆயுள் முழுக்கத் தொல்லை கொடுத்தது. பிறகு அவர் போலோ ஆடியதெல்லாம் மேல்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான். 1898இல் சூடானில் ஓம்துர்மான் போரில் வாளை விட்டுவிட்டுக் கைத்துப்பாக்கியோடு குதிரையில் பாய்ந்ததற்கும் இந்தத் தோள்தான் காரணம்.

பெங்களூரில் காலையில் அணிவகுப்பு, மாலையில் போலோ. நடுவில் வெயில் நேரம் முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். மற்ற அதிகாரிகள் தூங்கினார்கள், சீட்டாடினார்கள். இவர் ரோஜாச் செடி வளர்த்தார், வண்ணத்துப்பூச்சி சேகரித்தார் (அந்தச் சேகரிப்பை ஒரு எலி தின்று தீர்த்தது தனிச் சோகம்). அப்புறம் படிக்க ஆரம்பித்தார். அம்மா லண்டனிலிருந்து புத்தக மூட்டைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். கிப்பனின் ரோமப் பேரரசு வரலாறு, மெக்காலே, பிளாட்டோ என்று நாளுக்கு நான்கைந்து மணி நேரம். பல்கலைக்கழகப் பக்கமே போகாத ஒருவருக்குப் பெங்களூர்ப் பங்களாவே பல்கலைக்கழகம். பின்னாளில் உலகமே கேட்ட அந்த நீண்ட, ஏறி இறங்கும் வாக்கிய நடை அங்கே உட்கார்ந்து படித்த படிப்பில் உருவானது என்றே நான் நினைக்கிறேன்.

படிப்பில் மக்கு என்பது?

பாதிதான் சரி. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் மூன்றாவது முறைதான் தேறினார். அதிலும் காலாட்படைக்கு மதிப்பெண் போதவில்லை, குதிரைப்படைதான் கிடைத்தது. குதிரைக்குச் செலவு அதிகம் என்பதால் அப்பா கடுங்கோபத்தோடு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஆனால் ஹாரோ பள்ளியில் மெக்காலேயின் கவிதையில் 1,200 வரிகளை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவரும் இதே பையன்தான். பிடித்ததைப் படித்தார், பிடிக்காததை விட்டுவிட்டார்.

அதே ஹாரோவில் பிற்பாடு படித்த இன்னொருவர் ஜவஹர்லால் நேரு.

சிறையிலிருந்து தப்பி ஓடினாராமே?

ஆமாம், அந்த ஓட்டம்தான் அவரை நாடறிந்தவர் ஆக்கியது. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர், அதாவது டச்சு வழி வந்த குடியேறிகளான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போர். பத்திரிகை நிருபராகப் போன சர்ச்சில் ஏறியிருந்த கவச ரயிலைப் போயர்கள் மடக்கினார்கள். பிரிட்டோரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைதிகளோடு அடைத்தார்கள். டிசம்பர் 12 இரவு கழிப்பறை ஓரத்துச் சுவரைத் தாண்டிக் குதித்தார். கூட வர வேண்டிய இருவரால் வர முடியவில்லை. கையில் வரைபடம் இல்லை, உள்ளூர் மொழி தெரியாது. சரக்கு ரயிலில் தொற்றி, கடைசியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். அது நிலக்கரிச் சுரங்க மேலாளரான ஓர் ஆங்கிலேயரின் வீடாக அமைந்தது அதிர்ஷ்டம். சுரங்கத்துக்குள் எலிகளோடு சில நாள் ஒளிந்திருந்து, கம்பளி மூட்டைகளுக்கு நடுவே படுத்து, ரயிலில் எல்லை கடந்து, போர்ச்சுக்கீசியர் ஆண்ட மொசாம்பிக்குக்குள் போய்விட்டார்.

உயிரோடோ பிணமாகவோ பிடித்துத் தருபவருக்குப் போயர்கள் அறிவித்த பரிசு 25 பவுண்டு. அடுத்த வருடமே தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிட்டார்.

காந்தியைச் சந்தித்திருக்கிறாரா?

ஒரே ஒரு முறை, 1906இல். அப்போது சர்ச்சில் காலனி விவகாரத் துறையின் துணை அமைச்சர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து முறையிட லண்டன் வந்திருந்தார் காந்தி. இருவரும் மரியாதையாகப் பேசிப் பிரிந்தார்கள்.

அதற்கும் முன்னால், 1900 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் ஸ்பியன் காப் குன்றில் நடந்த சண்டையில் இருவருமே இருந்தார்கள். ஒருவர் நிருபரும் படை அதிகாரியுமாக, இன்னொருவர் காயம்பட்ட வீரர்களைத் தூக்கிச் சுமக்கும் இந்திய ஆம்புலன்ஸ் படையின் தலைவராக.

'அரை நிர்வாணப் பக்கிரி' என்று சொன்னது?

அந்தச் சொற்றொடரை அப்படியே சொல்லவில்லை. 1931 பிப்ரவரியில் பேசியது இன்னும் நீளமானது: கலகக்கார மிடில் டெம்பிள் வழக்கறிஞர் ஒருவர் இப்போது பக்கிரி வேடம் போட்டு, அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகைப் படியேறுவதைப் பார்க்கவே குமட்டுகிறது, அவமானமாக இருக்கிறது என்ற பொருளில். இதில் ஒரு தகவல் பிழையும் உண்டு. இரண்டும் லண்டனில் வழக்கறிஞர்களை உருவாக்கும் சங்கங்கள்; காந்தி படித்தது மிடில் டெம்பிள் அல்ல, இன்னர் டெம்பிள். திட்டும்போதாவது சரியாகத் திட்டியிருக்கலாம்.

காந்தி இதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. 1944 ஜூலையில் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார். பக்கிரியாக, அதுவும் நிர்வாணப் பக்கிரியாக இருக்கத்தான் ரொம்ப நாளாக முயல்கிறேன், அது கடினமான காரியம், ஆகவே நீங்கள் நினைக்காவிட்டாலும் இதைப் பாராட்டாகவே கொள்கிறேன் என்றார்.

அதே மாதத்தில் வைஸ்ராய் வேவல் தன் நாட்குறிப்பில் ஒன்றைப் பதிந்திருக்கிறார்: காந்தி இன்னும் ஏன் சாகவில்லை என்று எரிச்சலோடு கேட்டுப் பிரதமரிடமிருந்து தந்தி வந்தது என்று.

வங்கப் பஞ்சத்துக்கு அவர்தான் காரணமா?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்பவர்களை நம்ப வேண்டாம், எந்தப் பக்கம் சொன்னாலும்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பானியர் வந்தால் கையில் எதுவும் சிக்கக்கூடாது என்று வங்கக் கடலோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையும், உபரி நெல்லையும் ஆங்கிலேய அரசே அப்புறப்படுத்தியது. ஆறும் கால்வாயுமான நாட்டில் படகைப் பிடுங்குவது காலை வெட்டுவதற்குச் சமம். அதே வருடம் அக்டோபரில் மிட்னாப்பூரைப் புயல் புரட்டிப்போட்டது, பயிரில் நோயும் விழுந்தது. போர்ச் செலவுக்குப் பணம் புழங்க, விலை ஏறியது, பதுக்கல் பெருகியது. மற்ற மாகாணங்கள் தானியத்தை வெளியே விட மறுத்தன. வங்க மாகாண அரசு திணறியது. இதுவரை சர்ச்சில் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது.

ஆனால் 1943இல் நிலைமை தெரிந்த பிறகு நடந்ததற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்கான அமைச்சர் லியோ ஆமரி தானியக் கப்பல் வேண்டும் என்று போர்க்கால அமைச்சரவையில் மீண்டும் மீண்டும் கேட்டார். கிடைத்தது கேட்டதில் சிறு பகுதி. கப்பல் பற்றாக்குறை என்பது பதில். பற்றாக்குறை இருந்தது உண்மைதான். எந்தப் பசிக்கு முதல் கப்பல் என்ற கேள்வி வந்தபோது வங்கம் வரிசையின் கடைசியில் நின்றது, அதுவும் உண்மைதான். இந்தியர்கள் முயல்களைப் போலப் பெருகுகிறார்கள் என்று அவர் அந்தச் சமயத்தில் பேசியதை ஆமரியே குறித்து வைத்திருக்கிறார். இவர் பார்வைக்கும் ஹிட்லர் பார்வைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று 1944இல் தான் முகத்துக்கு நேரே சொன்னதையும் அவர் எழுதியிருக்கிறார். இந்த ஆமரி எதிர்க்கட்சிக்காரர் அல்ல. சர்ச்சிலின் பள்ளித் தோழர், சொந்தக் கட்சி, சொந்த அமைச்சரவை.

அவருக்காக வாதாடுபவர்கள் காட்டுவது இரண்டு விஷயங்கள்: 1943 அக்டோபரில் புது வைஸ்ராயாக வந்த வேவல் ராணுவத்தை இறக்கி நிவாரணத்தை முடுக்கினார், அவரை நியமித்தவர் சர்ச்சில். 1944 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் சர்ச்சில் கப்பல் கேட்டு எழுதினார், ரூஸ்வெல்ட் கைவிரித்தார். இரண்டும் நடந்தவைதான். தாமதமாக நடந்தவை.

அரசு அமைத்த விசாரணைக் குழு இறந்தவர்கள் 15 லட்சம் என்றது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை கணக்கிடுகிறார்கள். அந்தப் போரில் பிரிட்டனுக்காகச் சீருடை அணிந்த இந்தியர்கள் சுமார் 25 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவருடைய போர்க்காலப் புகழைப் படிக்க எனக்கு முடிவதில்லை.

இலங்கையோடு ஏதாவது தொடர்பு?

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9ஆம் தேதி திருகோணமலையை. அன்றே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. போரில் தன்னை அதிகம் கலங்கடித்தது ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வந்த நேரம்தான் என்று பின்னாளில் சர்ச்சில் சொன்னதாகச் சொல்லப்படுகிறது.

'அதிகாரம் அயோக்கியர் கைக்குப் போகும், காற்றுக்கும் தண்ணீருக்கும்கூட வரி போடுவார்கள்' என்று 1947க்கு முன்பே சொன்னாரே?

தேர்தல் வந்தால் வாட்ஸ்அப்பில் தவறாமல் வரும் இந்தப் பத்தி அவருடைய பேச்சுகளிலும் எழுத்துகளிலும் கிடையாது. தேடிப் பார்த்தவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். அவர் உண்மையில் சொன்னதே நம்மைக் கோபப்படுத்தப் போதும்: 'இந்தியா என்பது ஒரு புவியியல் பெயர், பூமத்திய ரேகையைவிட அது ஒன்றும் கூடுதலாக ஒரே நாடு அல்ல' என்றார் 1931இல். இட்டுக்கட்டத் தேவையே இல்லை.

குளத்தில் மூழ்கிய சிறுவன் சர்ச்சிலை ஏழை விவசாயி காப்பாற்றினார், அவர் மகன் பிளெமிங் பெனிசிலின் கண்டுபிடித்துத் திரும்பவும் காப்பாற்றினார் என்ற கதை?

மேடைப் பேச்சாளர்களுக்குப் பிடித்த கதை, கைதட்டல் நிச்சயம். ஆனால் கட்டுக்கதை. 1943 டிசம்பரில் துனிசியாவில் அவருக்கு நிமோனியா வந்தது உண்மை. கொடுத்த மருந்து பெனிசிலின் அல்ல, எம் அண்ட் பி 693 என்ற சல்ஃபா மாத்திரை. பார்த்த மருத்துவர்கள் மோரன், பெட்ஃபோர்ட். அவர்கள் பெயரின் முதல் எழுத்தும் எம், பி என்பதால் மருத்துவர்களையே 'எம் அண்ட் பி' என்று கூப்பிட்டுச் சிரித்தார் நோயாளி.

'கடற்கரையில் போரிடுவோம்' பேச்சை மக்கள் வானொலியில் கேட்டு எழுச்சி பெற்றார்கள், இல்லையா?

இல்லை. 1940 ஜூன் 4 அன்று அதை நாடாளுமன்றத்துக்குள் பேசினார். அங்கே ஒலிபரப்பும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. அன்றிரவு பிபிசி செய்தி வாசிப்பவர் சில பகுதிகளைப் படித்தார், அவ்வளவுதான். இன்று நாம் கேட்கும் அந்தக் கரகரப்பான குரல் 1949இல் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தது, போர் முடிந்து நான்கு வருடம் கழித்து. நேரில் கேட்டதாக நினைவு வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது போலும்.

அவருக்கு நோபல் அமைதிப் பரிசா கொடுத்தார்கள்?

இலக்கியப் பரிசு, 1953இல். வரலாறும் வாழ்க்கை வரலாறும் எழுதியதற்கும், மேடைப் பேச்சுக்கும் சேர்த்து. விழாவுக்கு அவர் போகவில்லை, பெர்முடாவில் மாநாடு. மனைவி கிளெமெண்டைன் வாங்கிக்கொண்டார். அதே வருடம் ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பதவியில் இருக்கும் பிரதமருக்குக் கை கால் இழுத்துக்கொண்டதைப் பத்திரிகை முதலாளிகளும் சேர்ந்தே நாட்டுக்குத் தெரியாமல் மறைத்தார்கள்.

நாவலும் ஒன்று எழுதியிருக்கிறார். நண்பர்களை அதைப் படிக்க வேண்டாம் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டதாக அவரே பின்னால் எழுதினார்.

இன்னொரு வின்ஸ்டன் சர்ச்சில் இருந்தாராமே?

இருந்தார், அமெரிக்க நாவலாசிரியர். 1899இல் அவர்தான் பெரிய பெயர். குழப்பம் வரக்கூடாது என்று நம்மவர் 'திரு வின்ஸ்டன் சர்ச்சில், திரு வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு' என்று தொடங்கிக் கடிதம் எழுதி, இனிமேல் நான் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்றே கையெழுத்திடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். இன்றைக்கு அந்த நாவலாசிரியரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சுருட்டு நம்ம திருச்சி சுருட்டா?

திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் அப்படித்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தது கியூபா சுருட்டு. 1895இல் அங்கே ஒரு கலகத்தைப் பார்க்கப் போனபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். பாதி நேரம் பற்ற வைக்காமல் வாயில் வைத்து மென்றுகொண்டிருப்பார்.

மது?

பகலெல்லாம் விஸ்கி, ஆனால் தண்ணீருக்கு நிறம் வரும் அளவுக்குத்தான். சாப்பாட்டோடு ஷாம்பெய்ன், அது நிஜமான அளவு. 1931 டிசம்பரில் நியூயார்க்கில் சாலையைக் கடக்கும்போது கார் மோதித் தூக்கியெறிந்தது. நம்மைப் போலவே இடப்பக்கம் வண்டி ஓடும் ஊர்க்காரர் அல்லவா, தப்பான பக்கம் பார்த்துவிட்டார். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. இந்த நோயாளிக்குச் சாப்பாட்டு நேரத்தில் மது தேவை, குறைந்தது 250 கன சென்டிமீட்டர் என்று மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அடிபட்ட அனுபவத்தைக் கட்டுரையாக எழுதிப் பணமும் பார்த்துவிட்டார். பணம் எப்போதும் தேவைப்பட்டது. 1929 பங்குச் சந்தைச் சரிவில் நன்றாக அடி வாங்கியவர். 1938இல் வீட்டையே விற்பதாக இருந்து, பணக்கார நண்பர் ஒருவர் கைகொடுத்ததால் தப்பித்தார்.

போர் நடுவே பிளாட்டிபஸ் கேட்டார் என்பது ஜோக்கா?

ஜோக் இல்லை. 1943இல், குண்டு மழைக்கு நடுவே, எனக்கு ஒரு பிளாட்டிபஸ் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவைக் கேட்டார். வாத்து அலகும் முட்டையிடும் வழக்கமும் உள்ள, அந்த ஊரில் மட்டுமே வாழும் பாலூட்டி. வெளியே அனுப்பத் தடை இருந்தும் ஒன்றைப் பிடித்து, வின்ஸ்டன் என்றே பெயர் வைத்து, புழுக்களோடு கப்பலேற்றினார்கள். ஊர் வந்து சேர நாலு நாள் இருக்கும்போது செத்துப்போனது. நீர்மூழ்கியைத் தாக்கிய வெடிச் சத்தத்தில் செத்தது என்று வெகுகாலம் சொன்னார்கள். அண்மையில் பழைய கப்பல் குறிப்புகளைப் பார்த்தவர்கள் வெப்பம்தான் காரணமாக இருக்கும் என்கிறார்கள்.

பொழுதுபோக்கு?

செங்கல் அடுக்குவது. 1928இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் சீட்டே வாங்கினார், பிறகு சங்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அப்புறம் ஓவியம். 1915இல், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலியில் கண்ட தோல்வியால் பதவி போய் மனம் உடைந்திருந்தபோது, 40 வயதில் தூரிகை எடுத்தார். 500க்கு மேல் வரைந்தார். பெயரைப் பார்த்துப் பாராட்டுவார்களோ என்று சார்லஸ் மோரின், டேவிட் விண்டர் என்ற புனைபெயர்களில் காட்சிக்கு வைத்ததுண்டு. போர்க்காலத்தில் வரைந்தது ஒன்றே ஒன்று, மொரோக்கோவின் மராகெஷ் மசூதிக் கோபுரம். அதை ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுத்தார். கைமாறிக் கைமாறி நடிகை ஏஞ்சலினா ஜோலியிடம் வந்து, 2021இல் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது.

போரை ஜெயித்தவரை ஏன் தோற்கடித்தார்கள்?

1945 ஜூலைத் தேர்தலில் எதிரணியான தொழிற்கட்சிக்கு 393 இடம். மக்கள் போரை நடத்திய ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டு, வேலை, வீடு, மருத்துவம் யார் தருவார் என்று பார்த்து ஓட்டுப் போட்டார்கள். மறைமுகமான வரமாக இருக்கலாம் என்று மனைவி ஆறுதல் சொன்னார். அப்படியானால் ரொம்ப நன்றாகவே மறைந்திருக்கிறது என்றார் இவர். 1951இல் மீண்டும் பிரதமர் ஆனார். அந்தத் தேர்தலிலும் ஓட்டு எண்ணிக்கையில் தொழிற்கட்சிதான் மேலே.

எப்போது இறந்தார்?

1965 ஜனவரி 24. அவருடைய அப்பா இறந்ததும் ஜனவரி 24தான், 1895இல். அதே தேதியில்தான் நானும் போவேன் என்று பல வருடம் முன்பே தன் செயலரிடம் சொல்லியிருக்கிறார். பிளென்ஹைமுக்குப் பக்கத்துச் சிற்றூரான பிளாடனில், அப்பா பக்கத்திலேயே புதைத்தார்கள். லண்டனில் அரசு மரியாதையோடு இறுதி ஊர்வலம் போன நாள் ஜனவரி 30. பதினேழு வருடத்துக்கு முன் காந்தி சுடப்பட்டதும் அதே தேதியில்தான்.